உறங்கும் கணினிக்கு ஒரு மிஸ்டு கால்

செப்டம்பர் கடைசி வாரம். வரித் தணிக்கை அறிக்கைகளுக்கான கெடு நெருங்குகிறது. மதுரையில் ஒரு தணிக்கையாளர் இரவு ஒன்பதரைக்கு வீட்டில் சாப்பிட உட்காரும்போது போன் அடிக்கிறது. "சார், அந்த டாலி பேக்கப்பை இன்னைக்கே அனுப்பிருங்க, பேங்க்ல கேக்குறாங்க." பேக்கப் இருப்பது அலுவலகக் கணினியில். அலுவலகம் பதினோரு கிலோமீட்டர் தள்ளி. சாவி உதவியாளர் பையில். கணினியை ஆறரை மணிக்கே ஷட் டவுன் செய்தாயிற்று.

இப்படி ஒரு இரவு கழிந்ததும் பலரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: இனி அந்தக் கணினியை அணைக்கவே வேண்டாம். சும்மா ஓடும் மேசைக் கணினி 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு 14 மணி நேரத்துக்கு 0.84 யூனிட். ஆண்டில் 300 இரவுகளுக்கு 252 யூனிட். அதே கணினி ஸ்லீப்பில் 3 வாட் மட்டும் எடுத்தால் 300 இரவுகளுக்கும் சேர்த்து 13 யூனிட்கூட ஆகாது. அணைந்தே கிடக்கட்டும், வேண்டும்போது தூரத்திலிருந்து எழுப்பிக்கொள்ளலாம் என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்லும் வழி. இதற்காகக் கணினிக்குள் தனியாக எதையும் வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. தேவையான வசதி கடந்த இருபது ஆண்டுகளாக அநேகமாக எல்லா மேசைக் கணினியிலும் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் அதை இயக்கி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

அணைந்த பெட்டிக்குள் யார் விழித்திருக்கிறார்?

பழைய ஏடி வகைக் கணினிகளில் முன்பக்க சுவிட்ச் நேராக மின்சாரத்தையே துண்டிக்கும். டொக் என்று அமுக்கினால் முழு இருட்டு. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு இதை மாற்றியது. அதன் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. மதர்போர்டிடம் ஒரு கோரிக்கை வைக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கொத்து வயர்களில் ஊதா நிற வயரில் 5 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், கணினி அணைந்த பிறகும். மதர்போர்டு பச்சை வயரைத் தரையோடு இணைத்ததும் மற்ற வயர்களுக்கெல்லாம் உயிர் வரும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஷட் டவுன் செய்த கணினியின் பின்பக்கம் லேன் கேபிள் செருகிய துளையைப் பார்த்தால் போதும். சின்னதாக ஒரு பச்சை அல்லது ஆரஞ்சு விளக்கு எரிந்தாலோ விட்டுவிட்டு மினுங்கினாலோ உள்ளே வாட்ச்மேன் விழித்திருக்கிறார் என்று பொருள். இருட்டாக இருந்தால் அவரும் தூங்கிவிட்டார். வெளியிலிருந்து எவ்வளவு கத்தினாலும் கேட்காது.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த வாட்ச்மேனைப் பற்றித்தான். தூரத்திலிருந்து ஒன்றை எழுப்ப வேண்டுமென்றால், அதன் அருகில் யாரோ ஒருவர் கண்விழித்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த வேலையை மோடம் பார்த்தது. பிறகு லேன் கார்டு பார்த்தது. இன்று வீட்டு ரவுட்டரோ அதன் பக்கத்தில் கிடக்கும் குட்டிக் கணினியோ சேர்ந்து பார்க்கிறது. எங்கே கோளாறு என்று தேடும்போதெல்லாம், யார் தூங்கிவிட்டார் என்று கேட்டால் பாதி வேலை முடியும்.

உறக்கத்திலும் படிகள் உண்டு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறை இவற்றுக்கு எண் கொடுத்தது. எஸ்3 என்றால் ஸ்லீப்: நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், எழுப்பினால் நொடிகளில் பழைய திரை வரும். எஸ்4 என்றால் ஹைபர்னேட்: நினைவகத்தில் இருந்ததை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். எஸ்5 என்றால் ஷட் டவுன். இந்த மூன்றிலும் ஊதா வயர் உயிரோடு இருக்கும். சுவரில் சுவிட்சை அணைத்தாலோ பிளக்கைப் பிடுங்கினாலோ அதுவும் போய்விடும்.

போன் மணியே அலாரமான காலம்

வீட்டுக்குள் இணையம் எந்நேரமும் ஓடாத காலத்தில் வெளியுலகிலிருந்து கணினிக்கு வந்த ஒரே கம்பி டெலிபோன் கம்பிதான். அந்தக் கம்பியில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். அழைப்பு வந்தால் அதன் மேல் வலுவான மாறுமின்னோட்டம் ஏறும். அமெரிக்க வழக்கில் அது சுமார் 90 வோல்ட், 20 ஹெர்ட்ஸ். பழைய கறுப்பு டெலிபோனின் மணி நாக்கை ஆட்டியது இந்த மின்சாரமே.

மேசையில் வைக்கும் தனி மோடம் இதை உணர்ந்ததும், கணினியோடு தன்னை இணைக்கும் சீரியல் கேபிளில் ஒரு குறிப்பிட்ட முள்ளில் சைகை காட்டும். 9 முள் இணைப்பில் அது 9-ஆவது முள், பெரிய 25 முள் இணைப்பில் 22-ஆவது. 'ரிங் இண்டிகேட்டர்' என்று அதற்குப் பெயர். அந்த முள்ளில் சைகை வந்ததும் எழுந்திரு என்று மதர்போர்டுக்குச் சொல்லிவைப்பதுதான் 'வேக் ஆன் ரிங்'. பயாஸ் திரையில் 'மோடம் ரிங் ஆன்', 'ரெஸ்யூம் ஆன் ரிங்', 'பவர் ஆன் பை மோடம்' என்று பல பெயர்களில் இது தலைகாட்டும். உள்ளே செருகும் மோடம் கார்டாக இருந்தால், அதிலிருந்து மதர்போர்டுக்குச் சிறு வயர் ஒன்றைத் தனியாக இணைக்க வேண்டும்.

செய்முறை எளிது. வெளியூரிலிருந்து அலுவலக எண்ணுக்கு ஒரு போன். இரண்டு மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். யாரும் எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. எஸ்டிடி கட்டணம் கடித்த நாட்களில் இது சின்ன விஷயமில்லை. கணினி எழுந்து விண்டோஸ் ஏறி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவது அழைப்பை மோடத்திலிருந்து போட வேண்டும். அந்தப் பக்கம் மோடம் தானாக எடுத்துப் பேசும். எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டும் என்பதை மோடத்தின் எஸ்0 என்ற பதிவேட்டில் முன்பே எழுதிவைத்திருப்பார்கள். அதன் பிறகு பிசிஎனிவேர் போன்ற மென்பொருள் வழியாக அலுவலகத் திரை வீட்டுத் திரையில் மெல்ல மெல்ல விரியும்.

மணிக்கு ஆள் தெரியாது என்பதுதான் இதிலிருந்த ஓட்டை. ராங் நம்பர் வந்தாலும் கணினி எழும், கடன் அட்டை விற்பவர் கூப்பிட்டாலும் எழும். காலையில் அலுவலகம் திறப்பவர், யாருமே இல்லாத அறையில் கணினி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைப்பார்.

இன்று சீரியல் துளையும் டயல் அப் மோடமும் அநேகமாக மறைந்துவிட்டன. ஆனால் மணியடித்தால் இயந்திரம் ஓட வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டு வயல்களில் நன்றாகவே வாழ்கிறது. சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டருக்கு வீட்டிலிருந்தே போன் அடித்து பம்பு செட் மோட்டாரைப் போடும் விவசாயிகள் ஏராளம். கைபேசியால் இயங்கும் இந்தக் கருவிக்கு மாநில வேளாண் பொறியியல் துறை மானியமும் கொடுத்திருக்கிறது. பதிவு செய்த எண்ணிலிருந்து வரும் அழைப்பை மட்டும் மதிக்கும்படி அதை அமைக்க முடியும் என்பதால் ராங் நம்பர் தொல்லை இல்லை.

இதே உத்தி இணையமே இல்லாத இடத்தில் கிடக்கும் கணினிக்கும் கைகொடுக்கும். சிம் போட்ட ரிலே சுவிட்ச் ஒன்றைக் கணினியின் மின் இணைப்புக்கு முன்னால் வைத்து, மின்சாரம் வந்தவுடன் கணினி தானாக ஓடும்படி பயாஸில் அமைத்துவிட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: இந்த ரிலேயால் கணினியைப் போடலாம், அணைக்கக் கூடாது. ஓடும் கணினியின் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால் பாதி எழுதிய கோப்புகள் கெடும். முதலில் உள்ளேயிருந்து ஷட் டவுன், அதன் பிறகே ரிலே.

102 பைட்டில் ஒரு கூப்பாடு

அலுவலகங்களில் லேன் பரவியதும் மணியின் இடத்துக்கு வேறொன்று வந்தது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட் நிறுவனங்கள் உருவாக்கிய 'மேஜிக் பாக்கெட்' பற்றிய விளக்க அறிக்கையை ஏஎம்டி 1995 நவம்பரில் வெளியிட்டது. ஐபிஎம், இன்டெல் கூட்டணி 1997 ஏப்ரலில் 'வேக் ஆன் லேன்' என்ற பெயரோடு இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான கணினிகளைக் கட்டி மேய்க்கும் நிர்வாகி, ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு எல்லாவற்றையும் எழுப்பி, மென்பொருளை ஏற்றிவிட்டு, மறுபடி அணைக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை.

பாக்கெட்டின் உள்ளே இருப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிமை. ஒவ்வொரு லேன் கார்டுக்கும் மேக் முகவரி என்ற ஆறு பைட் எண் உண்டு. எழுதும்போது 02-10-45-67-89-23 என்பதுபோல ஆறு ஜோடியாக எழுதுவார்கள். மேஜிக் பாக்கெட்டில் முதலில் 255 என்ற மதிப்பு ஆறு முறை வரும். அதற்குப் பின் எழுப்ப வேண்டிய கணினியின் மேக் முகவரி நிறுத்தாமல் 16 முறை வரும். 6 உடன் 16 பெருக்கல் 6-ஐக் கூட்டினால் 102 பைட். ஒரு குறுஞ்செய்தியைவிடச் சின்னது.

ஏன் இப்படித் திரும்பத் திரும்ப? கணினி தூங்கும்போது லேன் கார்டுக்கு உதவ விண்டோஸும் இல்லை, பிராசஸரும் இல்லை. ஊதா வயர் தரும் சொற்ப மின்சாரத்தில் அது தனியாக உட்கார்ந்து, கேபிளில் போகும் ஒவ்வொன்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஐபி முகவரி, போர்ட் எதுவும் அதற்குப் புரியாது. தன் பெயரைப் பதினாறு தடவை சேர்ந்தாற்போல் யாராவது கூப்பிட்டால் மட்டும் எழ வேண்டும் என்பதே அதற்குத் தெரிந்த ஒரே பாடம். மற்ற செய்திகளுக்கு நடுவே அந்த வரிசை தற்செயலாக வந்துவிட வாய்ப்பே இல்லை.

இந்தப் பாக்கெட்டை ஒரு கணினிக்கென்று நேராக அனுப்புவதில்லை, தெருவுக்கே தண்டோரா போடுவதுபோல் லேன் முழுவதற்கும் அனுப்புகிறார்கள். காரணம் உண்டு. உறங்கும் கணினி தன் ஐபி முகவரிக்கான விசாரணைக்குப் பதில் சொல்லாது. எந்தத் துளையில் எந்தக் கணினி என்று சுவிட்ச் வைத்திருக்கும் குறிப்பும் பொதுவாக ஐந்து நிமிடத்தில் அழிந்துவிடும். ஆகவே எல்லோர் காதிலும் விழும்படி கத்துவதே வழி. வழக்கமாக யுடிபி 9 அல்லது 7 என்ற போர்ட்டில் அனுப்புவார்கள். கேட்டதாகப் பதில் வராது. 'அனுப்பப்பட்டது' என்று செயலி காட்டினால் அனுப்பப்பட்டது, அவ்வளவே. எழுந்ததா என்பதை வேறு வகையில்தான் பார்க்க வேண்டும்.

அமைக்கும் முறை, படிப்படியாக

முதலில் கேபிள். வைஃபை வழியாக எழுப்பும் வசதி சில மடிக்கணினிகளில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஸ்லீப்பிலிருந்து மட்டுமே வேலை செய்யும், நம்பி வைக்க முடியாது. ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவது நல்லது. யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரும் சிக்கல்தான். கணினி அணைந்த பிறகு அந்தத் துளைக்கு மின்சாரம் போனால் மட்டுமே அது விழித்திருக்கும்.

அடுத்து பயாஸ். கணினியைப் போட்டதும் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் அந்தத் திரை வரும். 'வேக் ஆன் லேன்', 'ரெஸ்யூம் பை லேன்', 'பவர் ஆன் பை பிசிஐ-இ' என்று ஒவ்வொரு மதர்போர்டிலும் ஒவ்வொரு பெயர். அதை 'எனேபிள்ட்' ஆக்க வேண்டும். பக்கத்திலேயே 'இஆர்பி' அல்லது 'டீப் ஸ்லீப்' என்று ஒன்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அணைத்து வைத்த சாதனம் 2010 முதல் 1 வாட்டுக்கு மேலும், 2013 முதல் 0.5 வாட்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதிக்காக வந்த வசதி அது. அதை இயக்கினால் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக லேன் கார்டின் உணவையும் நிறுத்திவிடும். தூரத்திலிருந்து எழுப்ப விரும்புகிறவர் அதை அணைத்தே வைக்க வேண்டும்.

மூன்றாவது விண்டோஸ். 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கீழே லேன் கார்டை இரண்டு முறை சொடுக்கினால் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் கிடைக்கும். அதில் வழக்கமாக மூன்று கட்டங்கள். மூன்றையும் டிக் செய்ய வேண்டும். மூன்றாவது கட்டம் முக்கியம்: மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டும் எழு என்பது அது. அதை விட்டுவிட்டால் லேனில் ஏதாவது ஒரு பிரிண்டர் விசாரித்தால்கூடக் கணினி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் 'வேக் ஆன் மேஜிக் பாக்கெட்' என்ற வரியும், ரியல்டெக் கார்டாக இருந்தால் 'ஷட்டவுன் வேக் ஆன் லேன்' என்ற வரியும் 'எனேபிள்ட்' ஆக இருக்க வேண்டும்.

நான்காவது படியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி தானாகவே இயங்குகிறது. இதில் ஷட் டவுன் என்று அழுத்தினாலும் நடப்பது ஒரு கலப்பு உறக்கம். அந்த நிலையில் லேன் கார்டை எழுப்பும் பணிக்கு விண்டோஸ் தயார் செய்வதில்லை. அதனால் கணினி ஸ்லீப்பிலிருந்து அழகாக எழும், ஷட் டவுன் செய்தால் எழாது. 'கன்ட்ரோல் பேனல்', 'பவர் ஆப்ஷன்ஸ்' வழியாகப் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' கட்டத்தின் டிக்கை எடுத்துவிட வேண்டும். ஷட் டவுனையே விட்டுவிட்டு, இரவில் ஸ்லீப் அல்லது ஹைபர்னேட்டில் விடுவது இன்னும் நம்பகமான வழி.

லினக்ஸில் இந்த வேலையை 'இத்டூல்' என்ற கட்டளை செய்யும். அது காட்டும் 'வேக் ஆன்' வரியில் 'ஜி' என்ற எழுத்து இருந்தால் தயார், 'டி' இருந்தால் அணைந்திருக்கிறது. ஆப்பிளின் மேக் கணினியில் 'வேக் ஃபார் நெட்வொர்க் ஆக்சஸ்' என்ற ஒரே டிக் போதும்.

கடைசியாக மேக் முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை 'ஆல்' என்ற சேர்ப்போடு கொடுத்தால் 'பிசிகல் அட்ரஸ்' என்ற வரியில் அது வரும். வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். எடுக்க வேண்டியது கேபிளுக்குரியது. எண்ணை எழுதிப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

சோதனையையும் படிப்படியாகச் செய்ய வேண்டும். போனை அதே வைஃபையில் வைத்துக்கொண்டு, ஆப் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு வேக் ஆன் லேன் செயலியில் மேக் முகவரியைப் போட்டு, முதலில் ஸ்லீப்பிலிருந்து எழுப்பிப் பார்க்க வேண்டும். அது சரியானால் ஹைபர்னேட். அதுவும் சரியானால் ஷட் டவுன். மூன்றும் கைகூடிய பிறகே அந்த லேனுக்கு வெளியிலிருந்து முயல வேண்டும். எடுத்தவுடன் வெளியூரிலிருந்து முயன்றால் கோளாறு எந்தப் படியில் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ரவுட்டர் வாசலைத் தாண்டி

தண்டோரா ஒரு தெருவுக்குள்தான் கேட்கும். லேன் முழுவதற்கும் அனுப்பும் பாக்கெட்டை ரவுட்டர் அடுத்த வலைக்கு விடாது. முன்பு விட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பாக்கெட்டை வெளியிலிருந்து அனுப்பி, ஒரு வலையிலுள்ள எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் பதில் சொல்லவைத்து, அந்தப் பதில்களால் மூன்றாமவரை மூழ்கடிக்கும் 'ஸ்மர்ஃப்' தாக்குதல்கள் 1990-களின் இறுதியில் பரவின. அதைத் தொடர்ந்து 1999-இல் வெளியான ஆர்எஃப்சி 2644 இந்தக் கதவை ரவுட்டர்களில் இயல்பாகவே மூடி வைக்கச் சொன்னது.

ரவுட்டரில் 9-ஆவது போர்ட்டைக் கணினியின் ஐபி முகவரிக்குத் திருப்பிவிடும் 'போர்ட் ஃபார்வர்டிங்' பற்றிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். முயன்று பார்ப்பவருக்கு ஒரு வினோத அனுபவம் கிடைக்கும்: கணினியை அணைத்த சில நிமிடங்களுக்கு அது வேலை செய்யும், மறுநாள் காலை செய்யாது. அந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்பதை ரவுட்டர் சிறிது நேரம்தான் நினைவில் வைத்திருக்கும் என்பதே காரணம்.

இந்தியாவில் இன்னொரு சுவரும் உண்டு. பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ரவுட்டரின் 'வேன்' பக்கத்தில் தெரியும் முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணிலோ தொடங்கினால் அந்த இணைப்பு இந்த வகை. வெளியிலிருந்து நேராகக் கதவைத் தட்டவே முடியாது.

அப்படியானால் வாட்ச்மேனை உள்ளேயே வைக்க வேண்டியதுதான். எந்நேரமும் ஓடும் ஒரு சின்னச் சாதனம் அதே லேனில் இருந்தால், வெளியிலிருந்து அதனிடம் பேசி, அதைக் கத்தச் சொல்லலாம். மூன்று வழிகள் பழக்கத்தில் உள்ளன.

ஒன்று, ரவுட்டரே. மைக்ரோடிக், ஓபன்டபிள்யூஆர்டி, ஏசுஸின் பல ரவுட்டர்கள் ஆகியவற்றில் வேக் ஆன் லேன் வசதி உள்ளேயே இருக்கும், அல்லது எளிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். ரவுட்டருக்குள் விபிஎன் வழியாக நுழைந்து அந்தப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

இரண்டு, ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கணினி. சில வாட் மின்சாரத்தில் ஆண்டு முழுக்க ஓடும். அதில் டெயில்ஸ்கேல் அல்லது ஒயர்கார்டு விபிஎன் போட்டு வைக்கலாம். டெயில்ஸ்கேலுக்கு மேற்சொன்ன பொது முகவரிச் சுவரும் தடையில்லை. இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் கதவைத் திறக்கத் தேவையில்லை. ஒன்றை மறக்கக் கூடாது: மேஜிக் பாக்கெட்டை விபிஎன் வழியாக அனுப்ப முயன்றால் போய்ச் சேராது. குட்டிக் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து அனுப்ப வேண்டும்.

மூன்று, டீம்வியூவரும் எனிடெஸ்க்கும். இரண்டிலும் எழுப்பும் வசதி இருக்கிறது. ஆனால் அதே லேனில் அந்த மென்பொருள் போட்ட இன்னொரு கணினி விழித்திருக்க வேண்டும். ஐந்து கணினி உள்ள அலுவலகத்தில் பில் போடும் கணினி எப்படியும் ஓடுகிறது என்றால் இது எளிது.

பெரிய நிறுவனங்கள் இந்தத் தொல்லைகளைப் பணத்தால் கடந்துவிட்டன. சர்வர்களில் 1998 முதல் ஐபிஎம்ஐ என்ற ஏற்பாடு உண்டு. மதர்போர்டிலேயே தனிச் சிறு கணினி உட்கார்ந்து, பிரதான கணினி அணைந்திருந்தாலும் தனி முகவரியில் பதில் சொல்லும். 2006-இல் வந்த இன்டெலின் வீப்ரோ வரிசை இதற்கு ஒப்பான வசதியை அலுவலக மேசைக் கணினிகளுக்கும் கொடுத்தது.

கரண்ட் போய் வந்தால்

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டைக் குலைப்பது பெரும்பாலும் மின்வெட்டும் சுவர் சுவிட்சும்தான். நம் ஊரில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அலுவலகத்தைப் பூட்டும்போது எல்லா சுவிட்சையும் அணைப்பது நல்ல பழக்கம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்த ஒரு தட்டில் ஊதா வயர் செத்துவிடும்.

மின்வெட்டின் விளைவு நுட்பமானது. மின்சாரம் திரும்ப வந்ததும் பச்சை விளக்கு மறுபடி எரியலாம், ஆனாலும் கணினி எழாது. பல மதர்போர்டுகளில் லேன் கார்டை எழுப்பும் பணிக்குத் தயார் செய்வது, கணினி ஒழுங்காக ஷட் டவுன் ஆகும் நேரத்தில் மட்டுமே. நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கட்டளை மறந்துபோகும். இதற்கு மருந்து பயாஸில் இருக்கிறது. 'ஏசி பேக்' அல்லது 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்ற வரியை 'பவர் ஆன்' என்று மாற்றினால், மின்சாரம் வந்ததும் கணினி தானே ஓடும். அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் ஸ்லீப்புக்குப் போகும்படி விண்டோஸில் வைத்துவிட்டால் மறுபடி தயார் நிலைக்கு வந்துவிடும். ரவுட்டரையும் அந்தக் குட்டிக் கணினியையும் சிறு யுபிஎஸ் ஒன்றில் இணைப்பது அவசியம்.

எழுப்புவது திருடனாகவும் இருக்கலாம்

மேஜிக் பாக்கெட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது. சில கார்டுகளில் 'செக்யூர்ஆன்' என்று ஆறு பைட் ரகசிய எண் சேர்க்கலாம், அதுவும் மறைக்கப்படாமலே போகும். லேனுக்குள் நுழைந்தவர் எவரும் எவரையும் எழுப்பலாம். 2020 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கவனித்தது இதைத்தான். ரியூக் என்ற பணயத்தொகை வைரஸ் ஒரு கணினியைப் பிடித்ததும், அது அண்மையில் பேசிய கணினிகளின் மேக் முகவரிகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் மேஜிக் பாக்கெட் அனுப்பியது. அணைந்து கிடந்ததால் தப்பியிருக்க வேண்டியவை எழுந்து வந்து மாட்டிக்கொண்டன.

விலை உயர்ந்த ஏற்பாடும் விதிவிலக்கில்லை. இன்டெலின் 'ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி' எனப்படும் தொலைநிர்வாக வசதியில், கடவுச்சொல்லுக்கான பதிலை வெறுமையாக அனுப்பினாலே உள்ளே விட்டுவிடும் ஓட்டை இருந்தது 2017 மே மாதம் வெளியானது.

ஆகவே விண்டோஸ் கணக்குக்கு வலுவான கடவுச்சொல் வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கக் கூடாது. விபிஎன் வழியாகத்தான் நுழைய வேண்டும். பிட்லாக்கரில் தொடக்க பின் எண் வைத்திருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஷட் டவுனிலிருந்து எழும் கணினி அந்த எண்ணைக் கேட்டு நீலத் திரையில் நின்றுவிடும். தூரத்திலிருந்து அதைத் தட்ட முடியாது. அவர்களுக்கு ஸ்லீப்தான் வழி.

எழவில்லையா? பார்க்க வேண்டிய வரிசை

லேன் துளை விளக்கே எரியவில்லை என்றால் சுவர் சுவிட்ச், கேபிள், 'இஆர்பி' என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

ஸ்லீப்பிலிருந்து எழுகிறது, ஷட் டவுனிலிருந்து இல்லை என்றால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'.

அதே லேனுக்குள்ளிருந்து எழுகிறது, வெளியிலிருந்து இல்லை என்றால் ரவுட்டர் அல்லது பொது முகவரிச் சுவர்.

நேற்றுவரை எழுந்தது, இன்று இல்லை என்றால் நடுவில் மின்வெட்டு நடந்திருக்கும். அல்லது விண்டோஸ் புதுப்பிப்பு லேன் கார்டின் டிரைவரை மாற்றி டிக்குகளை அழித்திருக்கும்.

எழுந்த கணினி இரண்டே நிமிடத்தில் மறுபடி தூங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். ஆளில்லாமல் எழுப்பப்பட்ட கணினியை இயல்பாக இரண்டு நிமிடத்தில் உறங்கவைப்பது விண்டோஸின் வழக்கம். அதற்குள் ரிமோட் வழியாக உள்ளே நுழைந்துவிட வேண்டும்.

யாரும் கூப்பிடாமலே நள்ளிரவில் எழுந்தால், 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையில் 'லாஸ்ட்வேக்' என்று கேட்டால் கடைசியாக எழுப்பியது யார் என்று விண்டோஸே சொல்லும்.

மதுரைத் தணிக்கையாளரின் அலுவலகம்போன்ற இடத்தில் இத்தனையும் அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் போதும். ஒரு குட்டிக் கணினி, ஒரு லேன் கேபிள், பயாஸில் மூன்று வரி, விண்டோஸில் ஐந்து டிக். கடைசி வேலைக்கு ஸ்கெட்ச் பேனாவும் செலோ டேப்பும் வேண்டும். கணினியின் சுவர் சுவிட்ச் மேல் 'இதை மட்டும் அணைக்காதீங்க' என்று எழுதி ஒட்டிவிட்டு, காலையில் பெருக்க வரும் அம்மாவிடமும் மாலையில் பூட்டிப் போகும் உதவியாளரிடமும் வாயாலும் ஒரு முறை சொல்லிவிட வேண்டும். அன்று இரவே வீட்டிலிருந்து, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், வெளியிலிருந்து செய்யும் முதல் சோதனையைச் செய்து பார்க்கலாம்.